ஒற்றைக் கண்ணால் உலகத்தை அளந்தவர்



எவரெஸ்ட் என்று சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். லாம்டன் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. எங்க வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், ஏதோ பிஸ்கட் பெயரா என்று ஒருத்தி கேட்டாள். எவரெஸ்ட் என்பவருக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்தான் இந்த வில்லியம் லாம்டன். அவர் பூமியை அளக்கும் பெரிய வேலையை ஆரம்பித்தது இமயமலையில் இல்லை. நம்ம சென்னை பரங்கிமலையில். அங்கிருந்து அளந்து கொண்டே கடலூர் வரைக்கும் இறங்கி வந்தார். பரங்கிமலைக்கும் கடலூருக்கும் நடுவில் எது இருக்கிறது? செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், மரக்காணம், நம்ம பிரம்மதேசம். அதனால்தான் இவர் கதையை நம்ம பள்ளிச் சுவரில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கதை ஆரம்பிப்பது இங்கிலாந்தில். வடக்கு யார்க்‌ஷயரில் கிராஸ்பி என்ற இடத்தில், 1750-களில், வசதியில்லாத வீட்டில் பிறந்தார். கணக்கு நன்றாக வந்தது. அதனால் பள்ளியில் நல்ல பெயர். 1781-ல் பட்டாளத்தில் மிகச் சின்ன அதிகாரியாகச் சேர்ந்தார். உடனே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி விட்டார்கள். அங்கே வாஷிங்டன் தலைமையில் விடுதலைப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். அதே 1781-ல் யார்க்டவுன் என்ற ஊரில் ஆங்கிலேயப் படை மொத்தமும் சரணடைந்தது. போன சுருக்கில் நம்ம லாம்டனும் கைதி ஆகிவிட்டார்.

விடுதலை ஆன பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையிலேயே வடக்கே போனார். இப்போது கனடாவில் நியூ பிரன்ஸ்விக் என்று இருக்கிற இடம். இங்கே கொஞ்சம் நின்று அந்தக் கடற்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமூக அறிவியலில் கொலம்பஸ் 1492 என்று மட்டும் மனப்பாடம் செய்து விட்டுப் போய்விடுகிறோம். ஆனால் கரையைப் பார்ப்பது வேறு, அதைக் காகிதத்தில் சரியாக வரைவது வேறு. 1497-ல் ஜான் கபோட் வந்தார். 1524-ல் வெரசானோ வந்தார். 1534-ல் கார்ட்டியே. எல்லோருமே கப்பலில் இருந்தபடி திசைகாட்டியை வைத்துக் கொண்டு, கயிற்றில் ஈயக் குண்டு கட்டி ஆழம் பார்த்து வரைந்தார்கள். கரை ஓரம் மட்டும் கோடு இருக்கும். உள்ளே வெறும் வெள்ளைக் காகிதம். 1604-ல் சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் கரையில் இறங்கி, ஆற்று முகத்துவாரங்களைத் தனித்தனியாகப் படம் வரைந்தார். ஜூன் 24 அன்று ஒரு பெரிய ஆற்றைப் பார்த்தார். அன்றைக்குப் புனித யோவான் திருநாள். அதனால் அந்த ஆற்றுக்கு செயின்ட் ஜான் என்று பெயர் வைத்து விட்டார்.

அந்த ஆற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்கள் அதை வோலஸ்டோக் என்று சொன்னார்கள். அழகான ஆறு என்று அர்த்தம். நம்ம கழுவெளியை யாரோ கப்பலில் வந்து பார்த்து, அன்றைக்கு என்ன பண்டிகையோ அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? வரைபடத்தில் எந்தப் பெயர் ஏறுகிறதோ அதுதான் நிற்கிறது. நம்ம பெருமுக்கல் வெள்ளைக்காரர் எழுத்தில் பெர்மாகாயில் ஆகிவிட்டது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

சரி, லாம்டனுக்கு வருகிறேன். சாம்பிளேன் வந்து போய் 180 வருடம் கழித்து அதே செயின்ட் ஜான் பக்கத்துக்கு இவர் போனார். போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் காட்டை வெட்டி மனை பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த நில அளவை வேலையில் லாம்டன் இருந்தார். புது நாடான அமெரிக்காவுக்கும் ஆங்கிலேயர் கையில் இருந்த பகுதிக்கும் எல்லை பார்க்கும் வேலையும் செய்தார். பிறகு பட்டாளக் குடியிருப்பைப் பார்த்துக் கொள்ளும் உத்தியோகம். பனியிலும் காட்டிலும் பத்து வருடத்துக்கு மேல். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் பதவி உயர்ந்து போக, இவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். ராத்திரியில் கணக்குப் புத்தகமும் வானமும்தான் அவருக்குத் துணை.

அங்கேதான் அவர் கண் போனது. ஒரு சூரிய கிரகணத்தைச் சரியான கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். ஒரு கண்ணில் பார்வை கெட்டுவிட்டது. 2019 டிசம்பர் 26 அன்று கிரகணம் வந்ததே, அப்போது நான் சின்னப் பிள்ளை. எங்க ஆயா வெளியே தலைகாட்ட விடவே இல்லை, நான் அழுதேன். இப்போது நினைத்தால், ஆயா சொன்ன காரணம் வேறாக இருந்தாலும் கண் தப்பித்தது. ஆனால் கண்ணாடி போட்டுக் கொண்டு பார்த்திருக்கலாம், அது வேறு விஷயம்.

1790-களின் கடைசியில் லாம்டன் தன் பட்டாளத்தோடு இந்தியாவுக்கு வந்தார். வயது நாற்பதுக்கு மேல். ஒரு கண். பேச்சு குறைவு. இவர் என்ன சாதிப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். 1799-ல் திப்பு சுல்தான் மேல் படையெடுத்துப் போனபோது, ஒரு ராத்திரி ஒரு தளபதியின் படை இருட்டில் வழி தவறித் திப்புவின் பாசறை இருக்கும் பக்கமே நடந்தது. லாம்டன் வானத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து விட்டு, நாம் வடக்கே போகவில்லை, தெற்கே போகிறோம் என்று சொன்னார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்கள். எனக்குத் திப்பு சுல்தானைத்தான் பிடிக்கும், அதனால் இந்த இடத்தில் லாம்டன் பேசாமல் இருந்திருக்கலாம் என்று கூட நினைத்தேன். ஆனால் அவர் திறமையை மறைக்க முடியாது.

திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனி கையில் நிறைய நிலம் வந்தது. எவ்வளவு நிலம், எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அப்போது லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். சென்னையிலிருந்து மேற்குக் கரை வரைக்கும் முக்கோணம் முக்கோணமாக அளந்து விடலாம், கூடவே பூமி என்ன வடிவம் என்றும் கண்டுபிடித்து விடலாம் என்றார். கம்பெனிக்கு வேண்டியது நிலம். லாம்டனுக்கு வேண்டியது பூமியின் வடிவம். ஒரே வேலையில் இரண்டு பேருக்கும் இரண்டு ஆசை. நிதிக் குழுவில் ஒருவர் இதெல்லாம் வீண் செலவு என்று எதிர்த்தாராம். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமானால் பல்லக்குத் தூக்கும் தலைவனிடம் சொன்னால் அவனே கொண்டு போய் விடுவானே, படம் எதற்கு என்று கேட்டாராம். அவருக்கு நம்ம பல்லக்குக்காரர்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

அதுவரைக்கும் எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒரு சக்கரத்தைத் தள்ளிக்கொண்டே ரோட்டில் நடப்பார்கள். எத்தனை சுற்று சுற்றியதோ அத்தனை தூரம். ரோடு வளைந்தால் கணக்கும் வளைந்து போகும். 1782-ல் ரென்னல் என்பவர் வெளியிட்ட இந்திய வரைபடம் மிகப் பெரிய உழைப்பு. ஆனால் அதில் நிறைய இடங்கள் இப்படி நடந்து போன வழியை வைத்துப் போட்டவைதான்.

லாம்டன் முறை வேறு. நம்ம ஊர் உதாரணம் சொல்கிறேன். கழுவெளியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. எதிர்க் கரையில் ஒரு பனைமரம். தண்ணீரில் இறங்காமல் அதற்கு எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். இந்தக் கரையில் இரண்டு குச்சி நடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும் சரியாக அளங்கள். முதல் குச்சியில் நின்று பனைமரத்துக்கும் இரண்டாவது குச்சிக்கும் நடுவில் உள்ள கோணத்தைப் பாருங்கள். இரண்டாவது குச்சியில் நின்றும் அதே மாதிரி பாருங்கள். இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது கோணம் 180-ல் கழித்தால் வந்துவிடும். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. இப்படியே நாடு முழுக்கப் போகலாம். ஒரே ஒரு கோட்டைத்தான் தரையில் அளக்க வேண்டும். ஆனால் அந்த முதல் கோட்டில் தப்பு வந்தால் கடைசி முக்கோணம் வரைக்கும் தப்புதான்.

அந்த முதல் கோடுதான் பரங்கிமலை அருகில் போடப்பட்டது. 1802 ஏப்ரல் 10 அன்று ஆரம்பித்தார்கள். கிண்டி குதிரைப் பந்தய மைதானம் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோ மீட்டர். அளந்தது 100 அடி நீள இரும்புச் சங்கிலியால். இந்தச் சங்கிலிக்கே தனிக் கதை இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டு போன சாமான்களில் ஒன்று. அங்கே வேண்டாம் என்று விட்டார்கள். அது கல்கத்தாவுக்கு வந்து, அங்கிருந்து லாம்டன் கைக்கு வந்தது.

சித்திரை, வைகாசி வெயிலில் சென்னையில் இரும்பை வெளியே வைத்தால் என்ன ஆகும்? சூட்டில் நீளும். நூல் அளவுதான் நீளும். ஆனால் 400 தடவை அளந்தால் அந்த நூல் அளவும் பெருகிவிடும். அதனால் சங்கிலியைத் தரையில் போடவில்லை. முக்காலிகள் வைத்து, அதன் மேல் மரப்பெட்டி வரிசை வைத்து, அதற்குள் சங்கிலியை மட்டமாகப் போட்டு, மேலே கூடாரம் கட்டி நிழல் செய்து, வெப்பமானியும் வைத்து, எத்தனை டிகிரி சூடோ அதற்கு எவ்வளவு நீளம் கழிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு தடவை அளந்ததும் எல்லாவற்றையும் தூக்கி அடுத்த 100 அடிக்கு வைக்க வேண்டும். இப்படி 400 தடவை. மே மாதம்தான் முடிந்தது.

எங்க தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒன்றரை அடி இடத்துக்காக நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஒரு தடவை சர்வேயர் வந்து அளந்தால் ஒரு அளவு, இன்னொரு தடவை வந்தால் வேறு அளவு. இரண்டு வீட்டிலும் என் வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேசிக் கொள்ள மாட்டார்கள். அதனால் அந்த 400 தடவையை நான் சும்மா படித்துவிட்டுப் போகவில்லை. ஒருவர் வெயிலில் நின்று நூல் அளவுக்குக் கணக்குப் பார்த்தார் என்றால் அது எனக்குப் பெரிய விஷயம்.

கோணம் பார்க்கிற கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். லண்டனில் கேரி என்பவர் செய்தது. வட்டத் தட்டு மட்டும் மூன்று அடி அகலம். எடை அரை டன். அது கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலையே பிடித்து மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் துப்பாக்கி இல்லை, அறிவியல் கருவி. சண்டை வேறு, அறிவியல் வேறு என்று மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

கருவி வந்ததும் லாம்டன் கடற்கரை ஓரமாகவே தெற்கே முக்கோணம் போட்டுக் கொண்டு வந்தார். மதுராந்தகம் பக்கத்தில் உள்ள கருங்குழி அவர் நின்று பார்த்த இடங்களில் ஒன்று. தெற்கு முனை எது தெரியுமா? கடலூர் அருகில் திருவந்திபுரம். நம்மில் எத்தனை பேர் அங்கே கல்யாணத்துக்குப் போயிருக்கிறோம், மொட்டை போட்டிருக்கிறோம்! அங்கிருந்து சென்னைக்கு வடக்கே வரைக்கும் 1 டிகிரி 35 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 175 கிலோ மீட்டர். நட்சத்திரத்தைப் பார்த்து இரண்டு முனைக்கும் அட்சரேகை கண்டுபிடித்து, நம்ம பகுதியில் ஒரு டிகிரி என்பது சுமார் 110.6 கிலோ மீட்டர் என்று கணக்குச் சொன்னார். துருவத்துப் பக்கத்தில் இது இன்னும் கொஞ்சம் அதிகம். அதாவது பூமி சரியான பந்து இல்லை, துருவத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. நியூட்டன் கணக்கில் சொன்னதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையும் ஒரு சாட்சி. இந்தக் கட்டுரை 1805-ல் கல்கத்தாவில் அச்சானது. தலைப்பிலேயே சோழமண்டலக் கடற்கரை என்று இருக்கிறது.

அடுத்து மேற்கே மங்களூர் வரைக்கும் போனார். அங்கேதான் பெரிய அதிர்ச்சி. சென்னைக்கு நேராக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு 400 மைல் என்று பழைய படத்தில் இருந்தது. லாம்டன் கணக்கில் 360 மைல்தான் வந்தது. 40 மைல் காணவே காணோம்! 64 கிலோ மீட்டர். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்பி வருகிற தூரம். இல்லாத நிலத்தை இத்தனை நாள் படத்தில் வைத்திருந்தார்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியும். நடுப்பகலில் பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் ஆடுகிற மாதிரி தெரிவார், காலே தரையில் இல்லாத மாதிரி இருக்கும். வெயில் சூட்டில் காற்று அப்படிக் காட்டும். தொலைநோக்கியில் பார்த்தாலும் இதே கதிதான். அதனால் லாம்டன், மழை பெய்து காற்று தெளிவாக இருக்கும் நாட்களைத்தான் தேடினார். மழைக்காலத்தில் காட்டுக்குள் போனால் காய்ச்சல். கொடி பிடிக்கிறவர், பெட்டி தூக்குகிறவர் எல்லோரும் படுத்துவிடுவார்கள். பல பேர் எழுந்திருக்கவே இல்லை.

ஊர்க்காரர்களுக்கும் இவர்கள் மேல் சந்தேகம். மலை மேல் ஏறி ஒரு குழாய் வைத்து ஊரையே பார்க்கிறார்களே, வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்களோ என்று. அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும் என்பது வேறு தெரிந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா! ஊரில் சண்டைதான். எனக்கு ஊர்க்காரர்கள் பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. கேட்காமல் வந்து அளப்பவர்கள் எதற்கு அளக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

1808-ல் தஞ்சாவூர். அங்கே மலை இல்லை. வயலும் தென்னை மரமும்தான். அதனால் பெரிய கோவில் விமானத்தின் மேல் அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டத் தட்டு நெளிந்து போய்விட்டது. கோணம் பார்க்கிற தட்டு நெளிந்தால் எல்லாமே போச்சு. இங்கிலாந்திலிருந்து வேறு வரவழைக்க வருடக்கணக்கில் ஆகும். லாம்டன் யாரையும் திட்டவில்லை. திருச்சிக்குப் போய்க் கூடாரத்தில் உட்கார்ந்தார். கருவியை அக்கு அக்காகக் கழற்றினார். ஒரு பலகையில் சரியான அளவில் வட்டம் வரைந்து, அதன் மேல் நெளிந்த தட்டை வைத்து, ஆப்பும் திருகும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டு வந்தார். ஆறு வாரம் ஆனது. ஒற்றைக் கண்ணால் செய்தது இது. அதே கருவி அதற்குப் பிறகும் வேலை செய்தது.

அவர் கூட வேலை செய்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. 1794-ல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவர் ஒரு நில அளவைப் பள்ளி ஆரம்பித்தார். அனாதை விடுதியில் வளர்ந்த பையன்களை எடுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். முதலில் எட்டே பேர். இன்றைக்கு கிண்டியில் இருக்கிற பொறியியல் கல்லூரிக்கு அதுதான் மூலம். அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஜோஷுவா டி பென்னிங் என்ற பையன் லாம்டனோடு சேர்ந்து, கடைசி வரைக்கும் கூடவே இருந்தார். நம்ம வயதில் அப்பா அம்மா இல்லாமல் வந்த பையன், பூமியை அளக்கிற கணக்கைப் போட்டிருக்கிறார். அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் நாங்கள் போயிருக்க மாட்டோமா என்ன?

தெற்கே குமரி வரைக்கும் போய்விட்டு, திரும்பி வடக்கே ஹைதராபாத், அதற்கு மேலே என்று லாம்டன் இருபது வருடம் நடந்தார். லண்டனில் பெரிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினர் ஆக்கியது. 1818-ல் உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் வந்து சேர்ந்தார். லாம்டனுக்கு அப்போது வயதாகி, இருமல் விடாமல் இருந்தது. ஆனாலும் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு மாறிப் போகும் வழியில், மகாராஷ்டிராவில் ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823 ஜனவரி 20 அன்று கூடாரத்திலேயே இறந்து போனார். அங்கேயே புதைத்தார்கள்.

எவரெஸ்ட் அந்த வேலையைத் தொடர்ந்து 1841-ல் இமயமலை அடிவாரம் வரைக்கும் முடித்தார். பிறகு கல்கத்தாவில் ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கில் ஒரு சிகரம்தான் உலகிலேயே உயரம் என்று தெரிந்தது. 1865-ல் அதற்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். லாம்டன் பெயரும் வைக்கவில்லை, சிக்தார் பெயரும் வைக்கவில்லை. அந்த மலைக்கு அங்கே வாழ்பவர்கள் வைத்த பெயர் ஏற்கெனவே இருந்தது, சோமோலுங்மா. செயின்ட் ஜான் ஆற்றுக்கு நடந்ததேதான் இதற்கும்.

லாம்டனைப் புதைத்த பிறகு அங்கே நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். டி பென்னிங், இன்னும் சில உதவியாளர்கள், கொடி பிடிப்பவர்கள், பெட்டி தூக்குபவர்கள். எவரெஸ்ட் அப்போது ஹைதராபாத் பக்கம் இருந்தார். அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. அரை டன் பெட்டியைத் தோளில் ஏற்றிக் கொண்டு, நாக்பூர் ரோட்டில் வடக்கே நடந்தார்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி, பிரம்மதேசம்